கண்ணாடியை இழந்த பேரரசன்

நண்பகல் கடந்துவிட்டது, சீனத்தின் பேரரசன் இன்னும் உணவருந்தவில்லை. கி.பி. 756 ஆம் ஆண்டு யூலை மாதம் 14 ஆம் நாள் அது. அன்று விடியற்காலையிலே, குடிகள் எவரும் அறியாவண்ணம், தன் தலைநகரை விட்டு வெளியேறி வந்தவன் அவன். உணவும் இருப்பிடமும் ஆயத்தஞ் செய்யுமாறு முன்னே அனுப்பப்பட்ட அரண்மனைச் சேவகன் ஓடி மறைந்துவிட்டான். அவ்வூரை நிருவகித்த உத்தியோகத்தனும் அவ்வாறே மறைந்துவிட்டான். ஈற்றில் ஊர் மக்களே இரக்கங்கொண்டு, கோதுமையும் பயறும் கலந்த முரட்டுச் சோற்றைக் கொணர்ந்து கொடுத்தனர். பேரரசனுடைய பேரப்பிள்ளைகள் அதனைக் கைகளால் அள்ளி அள்ளி உண்டனர். கையால் உண்ணுதல் நமக்கு இயல்பு. சீன அரண்மனையிலோ அது கேட்டறியாத செயல். சோறு நொடிப்பொழுதில் தீர்ந்தது; பசி தீரவில்லை. பேரரசன் அச்சோற்றுக்குரிய விலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணீர் வடித்தான்.

அவன் பெயர் சுவான்சொங். தாங் மரபிலே தோன்றி, நாற்பத்து நான்கு ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய அரசுகளுள் ஒன்றை ஆண்டவன். சீனப் பண்பாட்டின் பொற்காலம் என்று அறிஞர் போற்றுங் காலம் அவனுடைய காலமே. அந்நாட்டின் தலைசிறந்த கவிஞர்களாகிய லீ பாயும் து பூவும் வாழ்ந்தது அவனுடைய ஆட்சியிலேதான். அத்தகைய மன்னன் முரட்டுச் சோற்றுக்கு ஏங்கும் நிலையை எய்தியது எவ்வாறு? வகுப்பறையிலே மாணாக்கர் நம்மிடம் வினவும் வினா இது. அதற்கு நாம் கூறும் விடையையே இங்கு எழுத முற்படுகின்றோம்.

அச்சத்திலே கழிந்த இளமை

லீ லொங்ஜி என்பது அவனுடைய இயற்பெயர். அவன் 685 ஆம் ஆண்டில் பிறந்தான். அவனுடைய பாட்டியே, சீன வரலாற்றில் பேரரசி என்னும் பட்டத்தைத் தானே சூடி ஆண்ட ஒரே பெண்மணியாகிய வூ சேதியன். அவளுடைய ஐயத்துக்கு இலக்காகிய அவன் தாய் 693 ஆம் ஆண்டில் அரண்மனையிலேயே கொல்லப்பட்டாள். அப்பொழுது பிள்ளைக்கு எட்டு வயதும் நிரம்பவில்லை. தாயின் உடலைக் கூடக் காணக் கிடைக்காத பிள்ளை அவன். அரச குடும்பத்திலே பிறத்தல் எத்துணை ஆபத்தானது என்பதை அவனுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

வூ சேதியனுக்குப் பின் அரண்மனையிலே சூழ்ச்சிகள் மலிந்தன. 710 ஆம் ஆண்டில், வேறோர் அரசி ஆட்சியைக் கைப்பற்ற முனைந்தபோது, இளவரசனாகிய லொங்ஜி தன் அத்தையோடு சேர்ந்து காவற்படையின் உதவியால் அவளை வீழ்த்தித் தன் தந்தையை அரியணை ஏற்றினான். 712 ஆம் ஆண்டில் தந்தை மகனுக்கு முடியைத் துறந்தான். அடுத்த ஆண்டில், தன்னை அகற்றச் சூழ்ச்சி செய்த அத்தையின் அணியினரையும் மன்னன் ஒடுக்கினான். இவ்வாறு இருபத்தேழு வயதிலே முடிசூடியவன், இருபத்தெட்டாவது வயதிலே முழு அதிகாரத்தையும் பெற்றான்.

அரியணைக்காக உடன்பிறந்தாரைக் கொன்ற மன்னர் உலகிற் பலர். இவனோ தன் சகோதரரிடத்துப் பேரன்பு பூண்டிருந்தான். நீண்ட தலையணையும் அகன்ற போர்வையும் செய்வித்து, அவர்களோடு ஒருங்கே உறங்குவான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவன் இயல்பிலே கொடியவன் அல்லன். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மன்னன் மெலிந்தான், நாடு கொழுத்தது

இவனுடைய பூட்டனாகிய தாய்சொங் என்னும் பெருமன்னனைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. வெண்கலக் கண்ணாடி உடையைத் திருத்த உதவும். பழைய வரலாறு என்னுங் கண்ணாடி அரசுகளின் எழுச்சி வீழ்ச்சியைக் காட்டும். நேர்மையான மனிதன் என்னுங் கண்ணாடியோ ஒருவனுடைய குற்றங்களையே காட்டும் என்று அம்மன்னன் கருதினான். தன்னை இடித்துரைத்து வந்த அமைச்சர் இறந்தபோது, தன் கண்ணாடிகளுள் ஒன்றை இழந்தேன் என்று அவன் வருந்தினானாம்.

ஆட்சியின் முற்பகுதியில் சுவான்சொங்கும் இத்தகைய கண்ணாடிகளைத் தேடித் தேடி அமர்த்தினான். யாவ் சொங் என்பவர் அவர்களுள் முதல்வர். 715, 716 ஆம் ஆண்டுகளில் கிழக்கு மாகாணங்களிலே வெட்டுக்கிளிகள் பெருகிப் பயிரை அழித்தன. இது விண்ணகத்தின் தண்டனை என்று அஞ்சிய மக்கள் நறும்புகையிட்டு அவற்றை வணங்கி நின்றனரேயன்றிக் கொல்லத் துணியவில்லை. கற்றறிந்த உத்தியோகத்தர் பலருங் கூட அவ்வாறே எண்ணினர். யாவ் சொங் மட்டும், இரவிலே தீ மூட்டிப் பூச்சிகளை வரவழைத்து எரித்துக் குழியிலே புதைக்குமாறு கட்டளையிட வேண்டும் என்று வாதாடினார். அதனாற் பாவம் நேருமாயின் அது தம்மையே சாரட்டும் என்றார். மன்னன் அவருடைய சொல்லைக் கேட்டான். பயிரிழப்பு உண்டாயிற்றெனினும் பெரும் பஞ்சம் நேரவில்லை.

அவருக்குப் பின் வந்த சொங் ஜிங் என்பவர் மன்னனுடைய முகத்துக்கு நேரே மறுத்துரைக்கும் மாண்புடையவர். பின்னர் அமைச்சரான ஹான் சியூ என்பவரும் அத்தகையவரே. விருந்திலோ வேட்டையிலோ மன்னன் சற்று அளவு மீறினால், இதனை ஹான் சியூ அறிவாரோ என்று அருகிலிருப்போரிடம் வினவுவானாம். வினவி முடியுமுன்பே அவரிடமிருந்து கண்டன ஓலை வந்து சேருமாம். ஒரு நாள் மன்னன் கண்ணாடியின் முன்னே வாளாவிருந்தான். அவர் அமைச்சரான நாள் முதலாகத் தாங்கள் மெலிந்துவிட்டீர்கள், அவரை விலக்கினால் என்ன என்று சேவகர் கேட்டனர். நம் முகம் மெலிந்ததாயினும் நாடு கொழுத்திருக்கின்றது என்பது மன்னன் அளித்த விடையின் பொருள். ஓர் ஆட்சியின் வெற்றிக்கு இதனினும் சுருக்கமான விளக்கத்தை நாம் வேறெங்குங் கண்டதில்லை.

நாடு உண்மையாகவே கொழுத்திருந்தது. தலைநகராகிய சாங்-ஆன் ஏறத்தாழ 84 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மதிலுக்குள்ளும் புறத்துமாகப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர் என மதிப்பிடுவர். கிழக்கிலும் மேற்கிலும் இரு பெருஞ் சந்தைகள் இருந்தன. பாரசீக வணிகரும் சொக்தியரும் துருக்கியரும் ஆங்கே கூடினர். மன்னனோ இசையிலே வல்லவன். அரண்மனையைச் சார்ந்த பேரித் தோட்டத்திலே அவன் நிறுவிய இசைப்பள்ளியின் நினைவாக, சீனத்து நாடகக் கலைஞர் பேரித் தோட்டத்தின் மாணாக்கர் என்றே வழங்கப்பட்டு வந்தனர்.

அவனுடைய அவையோடு நம் நாடுகளுக்கும் தொடர்பு இருந்தது. காஞ்சியிலே கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் இராசசிம்மனாகிய இரண்டாம் நரசிம்மவர்மனின் தூதர் 720 ஆம் ஆண்டில் சீனம் சென்றனர். அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கும் தன் படைக்கு ஒரு பெயர் அருளுமாறு பல்லவன் வேண்ட, அறத்தைப் போற்றும் படை என்னும் பொருளுடைய பெயரைச் சுவான்சொங் வழங்கினான். தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகக் கடல் கடந்த வச்சிரபோதி என்னும் பௌத்த துறவி, அக்காலத்திலேயே சீனத் தலைநகரை அடைந்து நூல்களை மொழிபெயர்த்தார். அவருடைய மாணாக்கர் அமோகவச்சிரர், குரு மறைந்த 741 ஆம் ஆண்டையடுத்து இலங்கைக்கு வந்து, பல நூல்களைத் திரட்டிக்கொண்டு 746 ஆம் ஆண்டில் மீண்டார்.

கண்ணாடி உடைந்த நாள்

ஆண்டுகள் கழிந்தன. நாடு அமைதியாக இருந்தது. மன்னனுக்கு ஐம்பது வயது கடந்தது. ஆட்சிப் பொறுப்பிலே சலிப்பும் தோன்றியது. இடித்துரைப்போர் இருக்கும் அவையிலே ஓய்வு கிடைப்பதில்லை அல்லவா? அப்பொழுதுதான் லீ லின்பூ என்னும் அமைச்சன் உயர்ந்தான். வாயிலே தேனும் வயிற்றிலே வாளும் உடையவன் என்று அவனைக் குறித்து எழுந்த கூற்று, சீன மொழியில் ஒரு பழமொழியாகவே நிலைத்துவிட்டது.

அவனுக்கு நேர் எதிரானவர் சாங் ஜியூலிங். தெற்கே கடற்கரையை அடுத்த குவாங்துங் பகுதியிலே பிறந்து, கல்வியொன்றையே துணையாகக் கொண்டு அமைச்சரானவர். 736 ஆம் ஆண்டிலே, வடகிழக்கு எல்லையில் கட்டளையை மீறிப் போரிட்டுத் தோற்ற ஒரு படைத்தலைவன் தண்டனைக்காகத் தலைநகருக்கு அனுப்பப்பட்டான். அவனைச் சட்டப்படி தண்டிக்க வேண்டும், விட்டுவிட்டால் பிற்காலத்திலே கேடு விளையும் என்று சாங் ஜியூலிங் வற்புறுத்தினார். மன்னன் இணங்காது அவனை மன்னித்தான். அப்படைத்தலைவனின் பெயர் ஆன் லூஷான்.

பட்டத்து இளவரசனை விலக்கும் எண்ணத்தையும் சாங் ஜியூலிங் எதிர்த்தார். லீ லின்பூவோ, அது மன்னருடைய குடும்ப விடயம், பிறர் தலையிடுதல் ஏன் என்று மறைவாகக் கூறினான். அவ்வாண்டு முடியுமுன் சாங் ஜியூலிங் அமைச்சுப் பதவியை இழந்தார். அடுத்த ஆண்டில், பொய்க் குற்றச்சாட்டின் பேரில், மன்னன் தன் புதல்வர் மூவரை ஒரே நாளில் சாகப் பணித்தான். தாயைப் பாட்டியின் ஐயத்துக்குப் பலிகொடுத்த மைந்தன், தன் மைந்தரைத் தன் ஐயத்துக்குப் பலியாக்கினான். கண்ணாடி உடைந்த நாள் எதுவென்று கேட்பின், நாம் அந்த ஆண்டையே சுட்டிக் காட்டுவோம்.

லீ லின்பூ கண்டன ஓலை எழுதும் உத்தியோகத்தரைக் கூட்டி ஓர் அறிவுரை வழங்கினான். அரண்மனை அணிவகுப்பிலே நிற்கும் குதிரைகளைப் பாருங்கள். வாய் திறவாது நிற்கும் வரை அவற்றுக்கு உயர்ந்த தீனி கிடைக்கின்றது. ஒரு முறை கனைத்தால் விலக்கப்படுகின்றன என்பதே அவ்வறிவுரை. அதன் பின்னும் ஓலை எழுதிய ஒருவர் மறுநாளே பதவியிறக்கம் பெற்றார். பிறகு எவரும் கனைக்கவில்லை.

மாணாக்கர் கருத்திற் கொள்ளத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. 747 ஆம் ஆண்டில், ஏதேனும் ஒரு துறையிலே வல்லவர் யாவரும் தலைநகருக்கு வந்து பரீட்சைக்குத் தோற்றலாம் என மன்னன் அறிவித்தான். நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து வருவோர் தன் செய்கைகளை மன்னனுக்கு எடுத்துரைப்பரோ என்று லீ லின்பூ அஞ்சினான். பரீட்சை நிகழ்ந்தது, ஒருவரேனும் சித்தியடையவில்லை! திறமையுடையோர் யாவரும் ஏற்கெனவே அரச சேவையில் உள்ளனர், வெளியிலே ஒருவரும் எஞ்சவில்லை என்று அவன் மன்னனை வாழ்த்தினான். சித்தியடையாதோருள் ஒருவர் து பூ. சீனம் ஈன்றெடுத்த பெருங்கவிஞர் என்று பிற்காலம் போற்றியவரை, திறமையற்றவர் என்று அப்பரீட்சை தள்ளியது. மன்னன் அதனையும் நம்பினான்.

பருத்த வயிறும் இனிய சொல்லும்

மன்னனுடைய உள்ளத்தைக் கவர்ந்த யாங் குவெய்பெய் 719 ஆம் ஆண்டிலே பிறந்தவள். அவனுக்கு முப்பத்து நான்கு வயது இளையவள். முதலிலே அவனுடைய மகன் ஒருவனுக்கு மனைவியாயிருந்தவள் அவள். அவளைத் துறவியாக்கி, மகனுக்கு வேறொரு பெண்ணை மணமுடித்து, 745 ஆம் ஆண்டிலே அவளைத் தன் தலைமைத் தேவியாக்கினான். நெடுந்தொலைவிலுள்ள தெற்கிலிருந்து குதிரை மாற்றிக் குதிரை ஓட்டி அவளுக்கு இலிச்சிப் பழம் வருவிக்கப்பட்டது. அவளுடைய உறவினர் உயர்ந்தனர்; அவர்களுள் யாங் குவோசொங் என்பவன், லீ லின்பூவுக்குப் பின் 752 ஆம் ஆண்டில் முதலமைச்சனானான்.

இதற்கிடையில், ஒரு முறை மன்னிக்கப்பட்ட ஆன் லூஷான் படிப்படியாக உயர்ந்து வந்தான். சொக்தியத் தந்தைக்கும் துருக்கியத் தாய்க்கும் பிறந்தவன் அவன். அயல் இனத்துப் படைத்தலைவர் அமைச்சராகித் தனக்குப் போட்டியாக வரமாட்டார் என்று கருதிய லீ லின்பூ, எல்லைப் படைகளை அத்தகையோரிடமே ஒப்படைக்கும்படி செய்திருந்தான். 751 ஆம் ஆண்டளவில் ஆன் லூஷானின் கையிலே மூன்று எல்லை மாகாணங்களும், ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் போர்வீரரும் இருந்தனர். தலைநகரத்தைச் சூழ இருந்த படைகளோ பெயரளவிலேயே இருந்தன.

அவன் அளவிறந்த பருமனுடையவன். ஆயினும் மன்னன் முன்னிலையிலே காற்றெனச் சுழன்று ஆடுவான். அப்பெரிய வயிற்றுக்குள்ளே என்ன இருக்கின்றது என்று மன்னன் வேடிக்கையாகக் கேட்க, விசுவாசமுள்ள இதயமன்றி வேறொன்றுமில்லை என்றான். யாங் குவெய்பெய் அவனைத் தன் வளர்ப்பு மகனாக ஏற்றாள். அவைக்கு வருந்தோறும் அவளை முதலில் வணங்கிப் பின்னரே மன்னனை வணங்குவான். காரணங் கேட்டால், தங்கள் குலத்தில் தாய்க்கே முதல் வணக்கம் என்பான். மன்னன் நகைத்து மகிழ்ந்தான்.

754 ஆம் ஆண்டிலே விடாது மழை பெய்தது. பயிர் அழிந்ததோ என்று மன்னன் கவலையுற்றபோது, யாங் குவோசொங் நன்கு விளைந்த கதிர்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டி, பயிருக்குச் சேதமில்லை என்றான். தம் பகுதியிலே வெள்ளம் வந்ததென உண்மையை அறிவித்த ஆளுநர் ஒருவர் விசாரணைக்கு உள்ளாக்கப்பட்டார். அவ்வாண்டு வேறெவரும் வெள்ளத்தைப் பற்றி எழுதவில்லை. மன்னனோடு பல்லாண்டுகள் பழகிய அந்தப்புரச் சேவகர் தலைவர் காவ் லீஷியிடம், மழை நிற்கவில்லையே, நீ அறிந்ததைச் சொல் என்று மன்னன் வினவினான். அதிகாரத்தை எல்லாம் அமைச்சனிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். நான் எவ்வாறு பேசத் துணிவேன் என்று அவர் மொழிந்தார். மன்னன் மௌனமாயிருந்தான்.

ஆன் லூஷான் கிளர்ச்சி செய்வான் என்று எச்சரித்தோர் சிலர் இருந்தனர். அவ்வாறு கூறுவோரைக் கட்டி ஆன் லூஷானிடமே அனுப்புமாறு மன்னன் பணித்தான். இதனினும் பெரிய செவிட்டுத்தனம் உண்டோ?

வடக்கிலே முழங்கிய முரசு

755 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16 ஆம் நாள், பெய்ஜிங் நகரம் இன்று அமைந்துள்ள பகுதியிலிருந்து ஆன் லூஷான் படையெடுத்தான். யாங் குவோசொங்கை அகற்றுமாறு மன்னனே இரகசியக் கட்டளை அனுப்பியதாகத் தன் வீரருக்குக் கூறினான். அவ்வேளை வெந்நீரூற்று அரண்மனையிலே குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த மன்னன், முதலில் வந்த செய்திகளைப் பகைவரின் கட்டுக்கதை என்றே தள்ளினான். பல தலைமுறைகளாகப் போரைக் கண்டறியாத வடபுல ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்களைத் திறந்தன. ஒரு மாதம் அளவிலே இரண்டாந் தலைநகராகிய லோயாங் வீழ்ந்தது. ஆன் லூஷான் அங்கே தன்னைப் பேரரசன் என அறிவித்துக்கொண்டான்.

வடபுலத்தின் இருபத்து நான்கு மாவட்டங்களிலே விசுவாசமுள்ளவன் ஒருவனேனும் இல்லையா என்று மன்னன் புலம்பினான். அப்பொழுது யென் சென்சிங் என்னும் மாவட்ட ஆளுநர் கோட்டையைப் பலப்படுத்தி எதிர்த்து நிற்கின்றார் என்னுஞ் செய்தி வந்தது. இவர் பிற்காலத்தார் போற்றும் எழுத்தணிக் கலைஞருமாவார். அவர் எத்தகைய தோற்றமுடையவர் என்று கூட நான் அறியேன், அவரோ இத்தகைய செயலைச் செய்தார் என்று மன்னன் வியந்தான். துரோகியின் வயிற்றளவை அறிந்திருந்தவன், உத்தமரின் முகத்தை அறிந்திருக்கவில்லை!

கேளாமை அப்பொழுதும் நீங்கவில்லை. தற்காப்புக்காகத் துங்குவான் கணவாய்க்குப் பின்வாங்கிய அனுபவமிக்க படைத்தலைவர் இருவர், ஒரு சேவகனின் கோள்மொழியால் கொல்லப்பட்டனர். அவர்களுக்குப் பின் நோயாளியான கெஷு ஹான் என்னும் தளபதி அக்கணவாயைக் காத்தார். கணவாயை விட்டு வெளியேறாது காத்திருந்தால் கிளர்ச்சிக்காரர் தாமே சோர்வர் என்று அவர் மன்றாடினார். யாங் குவோசொங்கின் தூண்டுதலால், உடனே வெளியேறித் தாக்குமாறு மன்னன் மீண்டும் மீண்டும் கட்டளை அனுப்பினான். தளபதி மார்பில் அடித்து அழுதுகொண்டே புறப்பட்டார். அப்பெரும் படையிலே கணவாய்க்கு மீண்டவர் எண்ணாயிரம் பேரளவினரே. தலைநகருக்கு இனிக் காவல் இல்லை.

ஓட்டத்தின் இடையே ஓர் உண்மை

இதன் பின்னரே நாம் தொடக்கத்திற் கூறிய ஓட்டம் நிகழ்ந்தது. அவ்வேளையிலும் மன்னனின் பழைய நற்குணம் இரு முறை வெளிப்பட்டது. பண்டசாலையை எரித்துவிடலாம் என்று யாங் குவோசொங் கூறியபோது, பகைவருக்குப் பொருள் கிடைக்காவிட்டால் அவர்கள் குடிகளையே வருத்துவர், விட்டுவிடு என்றான். பாலத்தைக் கடந்ததும் அதற்குத் தீயிட்டவனைக் கண்டித்து, பின்னே வரும் மக்களும் உயிர் தப்ப வேண்டாவோ என்று கூறித் தீயை அணைக்கச் செய்தான். தலைநகரிலோ, வழக்கம் போல உத்தியோகத்தர் சிலர் காலையிலே அவைக்கு வந்து நின்றனர்; நாழிகை வட்டிலின் ஒலி கேட்டது; காவலர் அணியாக நின்றனர். வாயில் திறந்தபோது அரண்மனைப் பெண்டிர் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தனர். மன்னன் சென்ற இடம் எவருக்குந் தெரியவில்லை.

முரட்டுச் சோற்றை உண்டு கண்ணீர் வடித்த மன்னன் முன்னே, குவோ சொங்சின் என்னும் முதியவர் ஒருவர் வந்தார். அவர் கூறியதன் சாரம் இது: ஆன் லூஷானின் தீய எண்ணம் நெடுங்காலம் உள்ளது, அதனை அறிவிக்கச் சென்றவர்களைத் தாங்கள் தண்டித்தீர்கள். சொங் ஜிங் அமைச்சராக இருந்தபோது நேர்மையாகப் பேசினார், நாடு அமைதியாயிருந்தது. அண்மைக் காலத்து உத்தியோகத்தரோ முகத்துதியே செய்தனர்; ஆதலால் அரண்மனை வாயிலுக்கு அப்பால் நடப்பதைத் தாங்கள் அறியவில்லை. இந்நாள் வரும் என்பது குடிசையிலிருந்த எங்களுக்கு முன்னமே தெரியும். ஆயினும் அரண்மனையின் ஆழத்தை எங்கள் குரல் எட்டுமோ? இக்கதி நேர்ந்திராவிடின், தங்கள் முகத்தைக் கண்டு இதனைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு ஏது?

இது என் அறிவின்மையே, இனி வருந்திப் பயனில்லை என்று மன்னன் ஒப்புக்கொண்டான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் மன்னன் தன் முகத்தைக் கண்ணாடியிலே கண்டான். அக்கண்ணாடியை ஏந்தியவர் பதவியும் பட்டமும் இல்லாத ஒரு நாட்டுப்புறத்து முதியவர்.

மறுநாள் மாவெய் என்னுமிடத்திலே, பசியாலும் சினத்தாலும் கொதித்த காவற்படையினர் யாங் குவோசொங்கை வெட்டி வீழ்த்தினர். அவனுடைய உறவினளாகிய தேவியும் சாகவேண்டும், அன்றி அடியெடுத்து வையோம் என்றனர். அந்தப்புரத்திலே வாழ்ந்தவள் செய்த குற்றம் என்ன என்று மன்னன் கேட்டான். அவள் குற்றமற்றவளே, ஆனால் அவள் உறவினனைக் கொன்ற வீரர் அவள் தங்கள் பக்கத்திலிருக்கும் வரை அஞ்சாதிருப்பரோ என்று காவ் லீஷி மறுமொழி தந்தார். அருகிலிருந்த பௌத்த ஆலயத்திலே யாங் குவெய்பெய் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தாள். அப்பொழுது அவளுக்கு வயது முப்பத்தேழு.

எஞ்சிய நாள்கள்

பட்டத்து இளவரசன் வழியிலே பிரிந்து வடமேற்கே சென்று, ஆகஸ்து மாதம் 12 ஆம் நாள் தானே முடிசூடிக்கொண்டான். தென்மேற்கே செங்து நகரை அடைந்த தந்தை, செய்தி அறிந்ததும் மறுப்பின்றி முத்திரையை அனுப்பி வைத்தான். 757 ஆம் ஆண்டு தொடக்கத்திலே ஆன் லூஷான் தன் மகனுடைய சூழ்ச்சியாலேயே கொல்லப்பட்டான். அவ்வாண்டின் இறுதியிலே உய்குர் குதிரைப்படையின் துணையோடு சாங்-ஆன் மீட்கப்பட்டது. நாம் மேலே குறிப்பிட்ட அமோகவச்சிரர், கிளர்ச்சிக்காரர் வசமான தலைநகரிலே தங்கியிருந்து புதிய மன்னனுக்கு மறைவாகச் செய்தி அனுப்பி வந்தார் என்பது அறியத்தக்கது. கிளர்ச்சி முற்றாக அடங்க 763 ஆம் ஆண்டாயிற்று.

முதிய மன்னன் 758 ஆம் ஆண்டு தொடக்கத்திலே தலைநகர் மீண்டான். இரண்டு ஆண்டுகளின் பின், பழைய நண்பர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறோர் அரண்மனையிலே தனித்து வைக்கப்பட்டான். காவ் லீஷியும் நாடு கடத்தப்பட்டார். 762 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் நாள், எழுபத்தாறாவது வயதிலே, சுவான்சொங் உயிர் நீத்தான். நோயுற்றிருந்த மகனும் பதின்மூன்று நாள்களிலே இறந்தான்.

பழி யாரைச் சாரும்?

755 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டின் பதிவேட்டில் இருந்தோர் ஏறத்தாழ ஐந்து கோடியே இருபத்தொன்பது இலட்சம். 764 இல் ஒரு கோடியே அறுபத்தொன்பது இலட்சம் மட்டுமே. குறைந்த அத்தனை பேரும் இறந்தனர் என்று கொள்ளுதல் தவறு. பதிவு செய்யும் அரசாங்க இயந்திரமே சிதைந்ததும், மக்கள் இடம்பெயர்ந்ததும், மாகாணங்கள் கைநழுவியதும் அக்குறைவுக்குப் பெருங் காரணங்கள். ஆயினும் வாளாலும் பசியாலும் மாண்டோர் எண்ணற்றவர். தாங் மரபு 907 ஆம் ஆண்டு வரை நிலைத்ததெனினும், பழைய வலிமையை அது மீண்டும் பெறவில்லை.

இக்கேட்டுக்கு யாங் குவெய்பெய்யின் அழகே காரணம் என்று நெடுங்காலம் கதை கூறினர். அயல் இனத்தானாகிய ஆன் லூஷானின் நன்றிகேடே காரணம் என்றனர் வேறு சிலர். நாம் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. பெண்ணின் மேலும் அந்நியன் மேலும் பழியைச் சுமத்துதல் எளிது. எந்நாட்டிலும் மனிதர் செய்வது அதுவே. சாங் ஜியூலிங் பதவி இழந்த காலத்தில் யாங் குவெய்பெய் அரண்மனைத் தேவியாயிருக்கவில்லை. அணிவகுப்புக் குதிரைகளின் வாயை அடைத்தவன் ஆன் லூஷானும் அல்லன். எல்லைப் படைகளின் பெருக்கமும் தலைநகரின் பலவீனமும் உண்மையான காரணங்களே. ஆயினும் அவற்றை உரிய காலத்திலே எடுத்துச் சொல்ல ஒருவனையும் விட்டுவைக்காத அரியணையே முதற் காரணம் என்பது நம் கருத்து.

பிள்ளை தவறு செய்தால் திருத்தப் பெற்றோர் உண்டு; மாணாக்கன் பிழை எழுதினால் சிவப்பு மையாற் கோடிட ஆசிரியர் உண்டு. மேலே மேலே உயருந்தோறும் நமக்குக் கோடிடுவோர் குறைகின்றனர். இறுதியிலே ஒருவரும் இல்லாது போகின்றனர். அந்நிலையைப் பெருமை என்று எண்ணுபவன், சுவான்சொங்கின் கதையை ஒரு முறை நினைத்துப் பார்த்தல் நன்று.

செங்துவிலே அகதியாயிருந்தபோது, சாங் ஜியூலிங்கை எண்ணி மன்னன் கண்ணீர் விட்டான். அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய சொந்த ஊருக்கு ஆள் அனுப்பி, அவர் கல்லறையிலே படையல் செய்வித்தான். உயிரோடிருந்தபோது கேட்க மறுத்த சொல்லுக்கு, மன்னனால் அப்பொழுது செய்யக்கூடியதாக இருந்தது அவ்வளவே.